கோபி-சத்தி ரோட்டு டயர் கடை: அலாய் கேட்டுப் போனேன், பழைய ரிம்மோட வந்தேன்

அப்புச்சி ஓட்டிட்டிருந்த 1984 பிரீமியர் பத்மினி கார் போன வருசம் என் கைக்கு வந்துச்சு. டயர் அத்தனையும் வெடிப்பு விட்டுக் கிடந்தது. கம்பெனி சைஸ் 5.20-14, அதாவது 14 இன்ச் ரிம்; ரேடியலுக்கு முந்தின ரக நைலான் டயர். முதல்ல போன பெரிய கடையில, "15 இன்ச் அலாய் வீல் போட்டு 195/50 டயர் ஏத்திரலாங்க"ன்னு போட்டோவெல்லாம் காட்டுனாங்க. மயங்கித்தான் போனேன். அட்வான்ஸ் கொடுக்கறதுக்குள்ள மாமன் இங்க இழுத்துட்டு வந்துட்டார்.

வேப்பமரத்தடியில ஒரு தகரக் கொட்டாய். போர்டு கிடையாது. கடைக்கார அண்ணன் நான் காட்டுன அலாய் போட்டோவைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. கழட்டுன டயருக்குக் குறுக்கே டேப் புடிச்சார். 61 சென்டிமீட்டர் பக்கம் வந்துச்சு. அப்புறம் சாக்பீஸ்ல தரையிலயே கணக்கு. 195-ங்கறது டயர் அகலம், மில்லில. 50-ன்னா அதுல நூத்துக்கு அம்பது, அதாவது பாதி, ஒரு பக்கத்து உயரம். ரெண்டு பக்கமும் சேர்ந்தா 195. 15 இன்ச் ரிம் 381. ஆக 576 மில்லி.

"மூணரை சென்டி குறையுதுங்க. வண்டி அதுல பாதி எறங்கீரும். மீட்டர் 60 காட்டுறப்ப நெசமா 57-தான் போவீங்க. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு இத்தனை அகலம் எதுக்குங்க?"

அலாய்ன்னா போல்ட் ஓட்டை வட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளிய நிக்கும்ங்கற அளவு) மூணும் ஒத்து வரணுமாம். ஆஃப்செட் தப்புனா டயர் வெளிய துருத்தி ஃபெண்டர்ல உரசும்.

அவர் எடுத்துப் போட்டது 165/80 R14 ரேடியல் டயர். கணக்குக்கு 620 மில்லி, பழசை விட ஒரு சென்டிதான் கூட. ஸ்விஃப்ட், டிசையர் அடி மாடல்ல வர்ற சைஸ், அதனால எந்த ஊர்லயும் கிடைக்கும். முதல்ல ஒண்ணை மட்டும் மாட்டி, பக்கத்து டீக்கடையில இருந்த மூணு பேரைப் பின்சீட்டுல உட்கார வெச்சு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பார்த்துட்டுத்தான் மத்ததைப் பிரிச்சார். டீக்காசு என் கணக்கு!

ட்யூப்லெஸ் கேட்டேன். பழைய ரிம்முல டயர் ஓரத்தைப் புடிச்சு நிறுத்தற மேடு இல்லீங்கன்னு, துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு ரேடியல் ட்யூப் போட்டார். ஸ்டெப்னிக்குப் பழைய நைலானே போதும்னு பார்த்தேன். ஒரே அச்சுல ஒண்ணு ரேடியல், ஒண்ணு நைலான்னா பிரேக் அடிக்கறப்ப வண்டி இழுக்கும்னு அஞ்சாவதையும் வாங்க வெச்சுட்டார். எல்லாம் சேர்ந்து 24,500.

குறை இல்லாம இல்லை. அலைன்மென்ட் மெஷின் கிடையாது, அதுக்கு ஈரோடு போகணும். போன் போட்டா எடுக்கறதில்லை. ஒரு பகல் முழுசாப் போயிருச்சு.

எட்டு மாசம் ஆச்சு. திம்பம் மலையில 27 கொண்டை ஊசியும் ஏறி இறங்கியாச்சு, ஒரு உரசல் சத்தம் இல்லை. நிறுத்தி வெச்சுத் திருப்புனா மட்டும் ஸ்டியரிங் முன்னைக்குக் கனம். போய்ச் சொன்னேன். "கொஞ்சம் உருள உட்டுத் திருப்புங்க சாமி"ன்னுட்டு அடுத்த பஞ்சரைப் பார்க்கப் போயிட்டார்.