முதல் செமஸ்டரில் 12, 15, 18 கிரெடிட்: எதை எடுப்பது?

பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கும் கல்லூரியில், கணினி அறிவியல் முதலாண்டு மாணவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள். 12 கிரெடிட்டோடு (கிரெடிட் என்பது பாடத்தின் பளுவைக் காட்டும் அலகு) அளவாகத் தொடங்கலாம், 15 எடுக்கலாம், 18 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே இரண்டு மணி நேரம் உழைப்பு என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு முறையே 36, 45, 54 மணி நேரம்.

கணிதப் பாடங்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். புரோகிராமிங்குக்கு ஒத்துவராது. கால்குலஸில் ஒரு கணக்கு வரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் போடலாம். எழுதிய வரைக்கும் மதிப்பெண் கிடைக்கும். புரோகிராம் கம்பைல் ஆகவில்லை, அதாவது கணினி இயக்கும் வடிவத்துக்கு மாறவில்லை என்றால், தானாகத் திருத்தும் மென்பொருள் பல இடங்களில் பூஜ்யம்தான் போடும். ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒரு சுற்று கூடுதலாக ஓடுவதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். ரிகர்ஷனும் (தன்னைத் தானே அழைக்கும் நிரல்) பாயிண்டரும் (நினைவக முகவரியைக் குறிக்கும் மாறி) வரும் வாரங்களில் 4 கிரெடிட் பாடம் 12 மணி நேரத்தோடு நிற்காது. அதனால் கிரெடிட்டைக் கூட்டுவதற்கு முன், எத்தனை பாடங்களில் புரோகிராம் எழுத வேண்டும் என்று எண்ணுங்கள். முதல் செமஸ்டருக்கு ஒன்று போதும்.

18 எடுப்பவர்களின் வாதம்: முன்தேவைப் பாடங்கள் (அடுத்த பாடத்துக்கு முன் முடித்திருக்க வேண்டியவை) சீக்கிரம் முடியும், தாங்காவிட்டால் ஒன்றை விட்டுவிடலாம். இந்த வாதத்தின் இரண்டாவது பாதியை நம்பி இறங்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் தடம் இல்லாமல் பாடத்தை விடுவதற்கான கடைசி நாள் பல இடங்களில் முதல் தேர்வுக்கு முன்பே போய்விடும். எதை விடுவது என்று தெரியவரும்போது அந்த வழி அடைத்திருக்கும். இடைத்தேர்வுகள் ஒரே வாரத்தில் குவியும்போது முதலில் கைவிடப்படுவது கோடிங் பயிற்சிதான்.

12 பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் முழுநேர மாணவருக்கு அதுவே குறைந்தபட்சம் என்றால், ஒரு பாடத்தை விட்டாலும் அந்தத் தகுதி போகும். உதவித்தொகை இருந்தால் அதுவும் சிக்கலாகும். 120 கிரெடிட் பட்டத்தை எட்டு செமஸ்டரில் முடிக்க, சராசரி 15 வேண்டும். குறையும் 3 கிரெடிட்டைப் பிறகு ஈடுகட்டிவிடலாம். விட்டது எந்தப் பாடம் என்பதுதான் கவலை. டிஸ்க்ரீட் மேத்ஸ் (தர்க்கம், கணங்கள், எண்ணுதல் போன்ற கணிதம்) அல்காரிதம்ஸ் பாடத்துக்கு முன்தேவையாக இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடந்தால், அதைத் தள்ளியவருக்கு அல்காரிதம்ஸ் ஒரு வருடம் தள்ளிப்போகக்கூடும்.

பெரும்பாலானவர்களுக்கு 15ஐ ஒட்டியே நிற்பது நல்லது: புரோகிராமிங் 4, கால்குலஸ் 4, டிஸ்க்ரீட் மேத்ஸ் 3, கட்டுரை எழுத வைக்கும் பாடம் ஒன்று 3. மொத்தம் 14. கட்டுரைப் பாடத்தை ஒப்புக்கு எடுக்காதீர்கள். மூளை வேறு விதமாக வேலை செய்ய ஓர் இடம் தேவை. கணிதம் இரண்டும் சேர்ந்தால் கனம் என்று தோன்றினால் கால்குலஸைத் தள்ளி அதன் இடத்தில் வேறு பாடம் எடுங்கள், டிஸ்க்ரீட்டைத் தள்ளாதீர்கள். இயற்பியலுக்கு கால்குலஸ் உடனே தேவைப்பட்டால் மட்டும் இது மாறும்.

ஏற்கெனவே கோடிங் தெரிந்தவர்கள் தகுதித்தேர்வு எழுதி நேரே அடுத்த புரோகிராமிங் பாடமான டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்குப் போவதுண்டு. போகலாம். அந்தப் பாடத்தின் சென்ற ஆண்டு அசைன்மென்ட் ஒன்றை வாங்கி, யாரிடமும் கேட்காமல் முடிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.