டின்னர் ஜாக்கெட்டா, அடர்நிற சூட்டா, ஜோத்பூரியா? குயின் மேரி 2 கப்பலின் காலா இரவுக்கு எதை எடுத்துப்போவது

சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும் குயின் மேரி 2 கப்பலின் 7 இரவுப் பயணத்தில் வழக்கமாக 2 காலா இரவுகள், அதாவது விழா உடையில் வர வேண்டிய மாலைகள், வரும். மற்ற நாள்களில் மாலை 6 மணிக்கு மேல் காலர் வைத்த சட்டையும் நல்ல பேன்ட்டும் போதும். காலா இரவில் கப்பலை நடத்தும் குனார்ட் நிறுவனம் ஆண்களுக்கு மூன்று வழி வைத்திருக்கிறது: டின்னர் ஜாக்கெட் (டக்ஸீடோ), டையுடன் அடர்நிற சூட், அல்லது விழாவுக்குரிய தேசிய உடை. மூன்றுக்கும் ஒரே மரியாதைதான். சூட் போட்டவரை யாரும் கடைசி மேசையில் உட்கார வைப்பதில்லை. அதனால் எது உயர்ந்தது என்று பார்க்க வேண்டாம். பெட்டியிலிருந்து சுருக்கமில்லாமல் வெளியே வருவது எது, ஆடும் கப்பலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட, நடக்க, நடனமாட இடம் கொடுப்பது எது என்று பாருங்கள்.

எந்த உடைக்கும் பொதுவான சிக்கல் இஸ்திரி. தீ விபத்து பயத்தால் கேபினுக்குள் இஸ்திரிப் பெட்டிக்கும் ஸ்டீமருக்கும் தடை. பயணிகளே துவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளும் சலவை அறைகள் கப்பலில் உண்டு, கட்டணமில்லை. ஆனால் காலா நாளன்று மதியத்துக்கு மேல் அங்கே காத்திருக்க வேண்டிவரும். முந்தைய நாள் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

டின்னர் ஜாக்கெட்

பார்க்க மிக அழகானது இதுதான். அரைகுறையாகப் போட்டால் மிக மோசமாகத் தெரிவதும் இதுதான். கோட்டின் லேப்பலுக்கு, அதாவது மார்பில் மடிந்து விழும் பகுதிக்கு, பட்டு முகப்பு இருக்க வேண்டும். கூர்முனை லேப்பலோ, வெட்டில்லாமல் வளைந்து இறங்கும் ஷால் லேப்பலோ சரி. முன்னால் ஒரே பொத்தான். பேன்ட்டின் வெளிப்பக்கத் தையலில் ஒற்றைப் பட்டு நாடா ஓடும். பெல்ட் கூடாது, பெல்ட் மாட்டும் வளையமும் இருக்காது. இடுப்பை இறுக்கும் பக்கவாட்டுப் பட்டியோ தோள்வாரோதான் பேன்ட்டைத் தாங்கும். இடுப்பைச் சுற்றும் மடிப்புப் பட்டையான கம்மர்பண்ட் கட்டினால் அதன் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். உள்கோட் போட்டால் கம்மர்பண்ட் வேண்டாம்.

நிறத்தில் கறுப்பைவிட நள்ளிரவு நீலம் மேல். செயற்கை வெளிச்சத்தில் கறுப்புத் துணி சற்றே பச்சையாகவோ சாம்பலாகவோ மங்கிக் காட்டும். அடர்நீலம்தான் அங்கே நல்ல கறுப்பாகத் தெரியும். வெள்ளை டின்னர் ஜாக்கெட் வெப்பக் கடல்களுக்கு உரியது, வட அட்லாண்டிக்குக்கு வேண்டாம்.

டின்னர் ஜாக்கெட்டோடு அணியும் போ டையை (பட்டாம்பூச்சி வடிவ டை) கையால் கட்டுவது பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஒரு முனையை மற்றதைவிட 4 செ.மீ. நீளமாக விடுங்கள். நீளமானதைக் குறுக்கே போட்டு, கழுத்தடியால் மேலே இழுத்து ஒரு முடிச்சு. குட்டை முனையை மடித்துச் சிறகு வடிவாக்குங்கள். நீள முனையை அதன் மேல் நடுவில் தொங்கவிட்டு, அதையும் மடித்து, பின்னால் உண்டாகும் ஓட்டைக்குள் நுழையுங்கள். பலரும் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான்: நுனியை நுழைத்தால் அவிழ்ந்துவிடும், மடிந்த பக்கத்தைத்தான் நுழைக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் திருப்பிக் கொடுப்பதை முதலில் யோசியுங்கள். சவுத்தாம்ப்டனில் எடுத்த உடையோடு நியூயார்க்கில் இறங்கினால் அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? ஒருவழிப் பயணத்துக்கு வாடகை ஒத்துவராது. கப்பல் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணமென்றால் சரி. அப்போதும் ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடலில் பேன்ட் நீளத்தைச் சரிசெய்ய நேரமிருக்காது.

அடர்நிற சூட்

ஒருமுறை மட்டும் போகிறவருக்கு எங்கள் பரிந்துரை இது. கரிச்சாம்பல் அல்லது நேவி நீலம், வெள்ளைச் சட்டை, அடர்நிறப் பட்டு டை, கறுப்பு லேஸ் ஷூ. ஊருக்குத் திரும்பியபின் கல்யாணத்துக்கும் அலுவலகத்துக்கும் அதையே போடலாம். டின்னர் ஜாக்கெட்டுக்கு அந்த வாய்ப்பு குறைவு. தூய கம்பளித் துணியாக எடுங்கள். கேபினில் நுழைந்ததும் தொங்கவிட்டால் பாதிச் சுருக்கம் தானே போகும். மீதிக்கு, வெந்நீரில் குளித்து முடித்த ஆவியுள்ள குளியலறையில் 15 நிமிடம் மாட்டிவையுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணி உணவுக்கூடத்தில் வியர்க்க வைக்கும்.

சாதாரண கறுப்பு சூட்டுக்குப் போ டை கட்டி டக்ஸீடோ ஆக்கப் பார்க்காதீர்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பட்டு லேப்பலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இல்லாத ஒன்றுக்கு ஆசைப்பட்டது போலத் தெரியும். நீள டையோடு அதே சூட் கம்பீரமாக இருக்கும்.

ஜோத்பூரி

இந்தியர்களுக்கு இது பெரிய வசதி. மூடிய கழுத்துள்ள கறுப்பு அல்லது நேவி ஜோத்பூரி கோட் தேசிய உடை என்ற வகையிலேயே வருகிறது. டை, போ டை, கஃப்லிங்க் (சட்டைக் கைமுனையில் மாட்டும் பொத்தான்), கம்மர்பண்ட் எதுவும் வேண்டாம். சட்டையின் பெரும்பகுதி மறைந்துவிடுவதால் இஸ்திரி வேலையும் குறைவு. கவனிக்க வேண்டியது கழுத்து மட்டும்: கொக்கி மாட்டியபின் இரண்டு விரல் நுழைய இடமிருக்க வேண்டும். நின்றபடி சரியாக இருக்கும் கழுத்து, உட்கார்ந்து குனிந்து சூப் குடிக்கும்போது நெரிக்கும். தையற்கடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். சரிகை வேலைப்பாடு நிறைந்த மாப்பிள்ளைக் கோட் வேண்டாம்.

பட்டு வேட்டியும் தேசிய உடைதான். ஒட்டிக்கொள் வேட்டியாக இருந்தாலும் உள்ளே ஒரு பெல்ட் கட்டுங்கள். படிக்கட்டில் கப்பல் ஒருபக்கம் சாயும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும், வேட்டியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

பெண்களுக்கு: கவுனா, புடவையா

தரை தொடும் கவுனுக்கு எந்த வகையிலும் குறையாதது பட்டுப்புடவை. அளவுக் கவலை இல்லை, பெட்டியில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். எந்தப் புடவை என்பதில்தான் கவனம் வேண்டும். கனமான ஜரிகைக் காஞ்சிபுரம் முகூர்த்தத்துக்கு உகந்தது. இங்கே மடிப்பு வழியே ஜரிகை நொறுங்கும் அபாயம், எடை, இஸ்திரி மூன்றும் சேர்ந்து படுத்தும். சின்னக் கரை வைத்த மென்பட்டு அல்லது கிரேப் பட்டு எடுத்துப்போங்கள். காஞ்சிபுரம்தான் என்றால் மல் துணியோடு தளர்வாகச் சுருட்டிவையுங்கள். இஸ்திரியை மிதமான சூட்டில், உள்பக்கத்தில், மேலே பருத்தித் துணி போட்டு ஓட்டுங்கள். கம்பளி சூட்டுக்குச் சொன்ன குளியலறை ஆவி வழி புடவைக்குக் கூடாது. ஒரு சொட்டு விழுந்தாலும் பட்டில் நீர்த்தடம் நின்றுவிடும்.

உணவுக்குப்பின் கப்பலின் நடனக்கூடமான குயின்ஸ் ரூமில் நடனமுண்டு. வால்ட்ஸில் பின்வாங்கி வைக்கும் காலடியில்தான் புடவை சிக்கும். நடனமாடப் போகிறவர்கள் கொசுவத்தைத் தரையிலிருந்து 3 செ.மீ. உயர்த்திக் கட்டி, உள்பாவாடையோடு சேர்த்து ஊக்கு குத்துங்கள். முந்தானையைத் தோளில் மடித்துக் குத்திவிட்டால் திறந்த தளத்துக் காற்றிலும் பறக்காது, சாப்பிடும்போது சாஸிலும் தோயாது. கவுன், புடவை எதுவானாலும் ஊசிக் குதிகால் வேண்டாம், 4 செ.மீ. அகலக் குதிகால் போதும்.

எதுவுமே வேண்டாம் என்றால்

அதற்கும் வழியுண்டு. காலா இரவிலும் கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கரிந்தியா லவுஞ்ச் ஆகிய இடங்களுக்குச் சாதாரண உடையில் போகலாம். கிங்ஸ் கோர்ட்டிலேயே சாப்பிடலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் கடல்நோயால் தவிப்பவர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. பிரிட்டானியா உணவுக்கூடம், குயின்ஸ் ரூம் போன்ற இடங்கள் அன்றைக்கு உங்களுக்கு இல்லை என்பது மட்டுமே இழப்பு. 2 காலா இரவுகளில் ஒன்றுக்கு மட்டும் உடுத்திப்போய், மற்றதை கிங்ஸ் கோர்ட்டில் கழிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் முதலாவதற்கே போங்கள். இரண்டாவதற்குள் சட்டையில் ஏதாவது கறை பட்டிருக்கும்.