ஒரே ஸ்பான்சரா, வீட்டுக்கு வீடு வசூலா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) கால்பந்துப் போட்டி நடத்த இரண்டு வழி. வசதியானவர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்பது, இல்லையென்றால் வீட்டுக்கு வீடு வசூல்.

முதல் வழி சுலபம். ஜெர்சி, கோப்பை, மைக் செட் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். ஐபிஎல் வளர்ந்ததும் முதலாளிகளின் பணத்தில்தான். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய். வீரர்களுக்கு நல்ல சம்பளம் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2013 பந்தய விவகாரத்துக்காகச் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டு வருடத் தடை வந்தபோது, ரசிகர்களுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஜெர்மனியின் கால்பந்தில் வேறு மாதிரி. அங்கே ‘50+1’ விதிப்படி கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போல விலக்கு பெற்ற கிளப்களும் உண்டு, சரி. ஆனாலும் 2024-இல் லீக் வெளி முதலீட்டாளரைக் கொண்டுவரப் பார்த்தபோது, ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

நான் வசூல் நோட்டின் பக்கம். பச்சைத் தேயிலை விலை இறங்கிய வருடம் அதில் 50 ரூபாய் என்று எழுதிய வரிகள்தான் அதிகம். மூடுபனியில் கோட்டோரம் நின்ற ஒரு பாட்டி, “என் பேரனை ஏன் உட்கார வச்சீங்க?” என்று கேட்டார். அவரும் 50 ரூபாய் கொடுத்தவர். ஆட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்கே போய்ப் பதில் சொன்னோம்.