டூராமேக்ஸ் டீசலுக்குப் பவர் ஏற்றினால் அல்லிசன் கியர்பாக்ஸ் தாங்குமா? என் 11 வருட அனுபவம்

இருப்பது டென்வர் பக்கம். வண்டி 2003 செவ்ரோலே சில்வராடோ 2500எச்டி, 6.6 லிட்டர் டூராமேக்ஸ் டீசல், 5 ஸ்பீடு அல்லிசன் 1000 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 2014-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டீசல் பிக்கப் வாங்கும் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: டியூன் போட்டால், அதாவது இன்ஜினின் செட்டிங்கை மாற்றிப் பவர் ஏற்றினால், கியர்பாக்ஸ் தாங்குமா?

கம்பெனியிலிருந்து வரும்போது இந்த இன்ஜினுக்கு 300 எச்பி, 520 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை), அதாவது சுமார் 705 நியூட்டன் மீட்டர். நான் மாட்டியது, ஃப்யூயல் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்கு அதிக அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் குழாய்) பிரஷர் சென்சார் வயரில் நடுவே செருகும் ஒரு சின்னப் பெட்டி. 90 எச்பி கூடும் என்றார் விற்றவர். கூடியது உண்மைதான். முதல் நாள் ஹைவேயில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். காலி வண்டியில் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் டிரெய்லர் வாங்கினோம். 8,000 பவுண்டு. 2016 ஜூலையில் ஐ-70 ஹைவேயில் ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். அந்தச் சுரங்கம் 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. சில்வர் ப்ளூம் என்ற ஊரைத் தாண்டியதும் ஆர்பிஎம் முள் சடாரென்று 400 ஏறியது. வண்டியின் வேகம் ஒரு மைல்கூட ஏறவில்லை. அடுத்த நிமிடம் செக் இன்ஜின் விளக்கு. கியர் மூன்றிலேயே நின்றுவிட்டது. ஓரங்கட்டி சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. "பெட்டியைக் கழற்றுங்க" என்றாள் மனைவி. அவள் அதை மாட்டிய நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஸ்கேனரில் பி0730 என்ற பிழைக் குறியீடு வந்தது, கியர் விகிதம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதாவது கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. மூன்றாவது கியரில் நிறுத்தியது, தட்டுகள் முழுக்க எரிந்து போகாமல் இருக்க கியர்பாக்ஸ் தானே செய்துகொண்ட ஏற்பாடு.

இதில் கியர்பாக்ஸைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டி, ஃப்யூயல் ரெயிலில் பிரஷர் குறைவாக இருப்பதாக இன்ஜின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பிரஷரை ஏற்றுகிறது. டீசல் கூடுதலாகப் போகிறது. ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் டார்க் பழையபடிதான். கியர் மாறும்போது கிளட்ச்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று கியர்பாக்ஸ் முடிவு செய்வது அந்தக் கணக்கை வைத்துத்தான். ஐந்து டன் என்று பில் போட்டு ஏழு டன் ஏற்றிய லாரி மாதிரி. காலி வண்டியில் முழு டார்க் சில நொடிகள்தான் விழும். டிரெய்லரோடு மலையேறும்போது 1,800 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் விடாமல் விழும். அதனால் எச்பி எவ்வளவு கூடுகிறது என்பதைவிட, குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்.

இந்த கியர்பாக்ஸில் ஆயில் ஃபில்டர் வெளியிலேயே, இன்ஜின் ஃபில்டர் போல திருகிக் கழற்றும்படி இருக்கும். கூடவே ஒரு வளையக் காந்தம். கழற்றிப் பார்த்தேன்; காந்தத்தில் கண்மை போலக் கறுப்பாக அப்பியிருந்தது. ஆயிலில் கருகிய வாசனை.

பிரித்து வேலை பார்க்க என்னிடமிருந்து 6,000 டாலருக்கு மேல் போனது. கூடுதல் பிடிப்புள்ள கிளட்ச் தட்டுகள், மூன்று தட்டு லாக்-அப் உள்ள டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்). இப்போது ஓடுவது இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து எழுதிய டியூன். கூட்டியது வெறும் 40 எச்பி. டிரெய்லர் மாட்டினால் பாரம் இழுப்பதற்கேற்ப கியர் மாற்றும் டோ/ஹால் பட்டனை அமுக்காமல் கிளம்புவதில்லை. அதே ஏற்றத்தில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு 210 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. ஒன்பது வருடமாக வழுக்கல் இல்லை.

பழைய பெட்டி கராஜ் அலமாரியில் கிடக்கிறது. போன மாதம் ஒருவர் விலைக்குக் கேட்டார். டிரெய்லர் இழுப்பீர்களா என்றேன். ஆமாம் என்றார். கொடுக்கவில்லை.