பழைய ஃபைபர் படகின் பின்பலகை: பிளைவுட்டா, தேக்கா?

நாகப்பட்டினத்துக் கரையில் நான் வாங்கியது, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த ஃபைபர் படகுகளில் ஒன்று. வெளிப்பூச்சு மினுக்கம் கெடாமல்தான் இருந்தது. எஞ்சின் தொங்கும் பின்பலகையைச் சுத்தியலால் தட்டியபோதுதான் சங்கதி தெரிந்தது: ஓரங்களில் கணீரென்றது, போல்ட்டுகளைச் சுற்றி மொத்தென்றது. உள்பக்க ஃபைபர் தோலை வெட்டினால், நடுவில் இருந்த மரம் ஈரத் தேயிலைத்தூள்போல் கையோடு வந்தது.

மாற்றாக என்ன வைப்பது? ஆசாரி தேக்கு என்றார். நண்பர் ஒருவர், மரமே வேண்டாம், அடர்நுரைப் பலகை வை என்றார். நான் பிளைவுட் வைத்தேன்.

நுரைப் பலகை மக்காது, எடை குறைவு. ஆனால் போல்ட் இறுக்கும் இடத்தில் சாதாரண நுரை நசுங்கிவிடும். அடர்த்தி மிகுந்த வகைதான் தாங்கும். அதன் மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்ததோடு என் அனுபவம் முடிகிறது.

தேக்கின் உறுதியைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் அதன் எண்ணெய்ப் பசையும் அசைவும். அசிட்டோனால் துடைக்காமல் ஒட்டினால் ரெசின் (ஃபைபரை மரத்தோடு பிணைக்கும் பிசின்) சரியாகப் பிடிக்காது. ஈரம் ஏறினால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே ஒட்டிய ஃபைபர் அதோடு சேர்ந்து அசையாது. ஒட்டு விடும் இடம் பெரும்பாலும் போல்ட் துளையின் விளிம்புதான். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் இந்த அசைவு மிகக் குறைவு.

என் கணக்கில் எல்லாமே அந்தத் துளையில் அடங்கியிருக்கிறது. பலகையை அழிப்பது கடல் அல்ல, துளை வழியே கசியும் சொட்டுத் தண்ணீர். அதனால் 8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 16 மி.மீ. துளையிட்டேன். உள்சுவருக்கு வெறும் எபாக்சி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் ரெசின்) பூசி, பிறகு சிலிக்கா பொடி கலந்து குழைத்த எபாக்சியால் அடைத்து, இறுகிய மறுநாள் நடுவில் 8 மி.மீ. துளையிட்டேன். போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை. ஆண்டுக்கொரு முறை போல்ட்டைக் கழற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கும் பழைய சீலன்டைச் சுரண்டிப் புதிது வைப்பது மட்டுமே பராமரிப்பு. அசையும் தேக்கில் இந்த அடைப்பு நீடித்து நிற்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

மரைன் பிளைவுட் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரை வேண்டும். 303 என்றிருந்தால் அது வீட்டு அலமாரிக்கு. 18 மி.மீ. பலகை இரண்டை எபாக்சியால் ஒட்டினேன். வெட்டு விளிம்புகளுக்கு மூன்று பூச்சு. பாலியஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் இறுகிப்போன பழைய ஃபைபர்மீது எபாக்சி அளவுக்குப் பிடிக்காது. எபாக்சியின்மேல் வழக்கமான ஜெல்கோட் (ஃபைபர் படகின் மினுக்க வெளிப்பூச்சு) ஒட்டத் தயங்கும் என்பதால், இரண்டு பாகம் கலந்து அடிக்கும் இருகூறு பெயின்ட் அடித்தேன். எல்லாம் சித்திரை வெயிலில், படகு நன்றாகக் காய்ந்த பிறகு.

இரண்டு மழைக்காலம்தான் கடந்திருக்கிறது. தட்டினால் இன்னும் கணீரென்றே ஒலிக்கிறது. பத்து ஆண்டுக்கு உத்தரவாதம் கேட்டால் என்னிடம் இல்லை.

ஆசாரியின் தேக்கும் வீணாகவில்லை. எஞ்சினின் திருகுப் பிடிகள் கடித்து அழுத்தும் இடத்தில், வெளியே, ஒரு துண்டு வைத்திருக்கிறேன். தேய்ந்தால் கழற்றி வேறு மாற்றலாம்.