நேரம் துல்லியமாக வேண்டுமா, இன்டெல் ஐ210 வாங்குங்கள்

ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகளில் அதிர்வு அளக்கும் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். ஒரே அதிர்வை எந்தப் பெட்டி முதலில் பிடித்தது என்று மைக்ரோ செகண்ட் கணக்கில் சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான் வடசேரியில் ஒரு கடையில் இந்த நெட்வொர்க் கார்டை வாங்கினோம். ஒரு போர்ட், ஒரு ஜிகாபிட், பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஸ்லாட் போதும்.

மதர்போர்டோடு வருகிற சாதாரண போர்ட்டிலும் டைம்ஸ்டாம்ப், அதாவது பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) வந்த நேரக் குறி, கிடைக்கும்தான், ஆனால் பல போர்டுகளில் அது சாஃப்ட்வேர் ஸ்டாம்ப் மட்டுமே: பாக்கெட் வந்து, இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சைகை) அடித்து, சிபியு அதைக் கவனித்த பிறகு லினக்ஸின் மையமான கெர்னல் குறிக்கிற நேரம். மெஷினுக்கு வேலை கூடினால் அந்த நேரமும் தள்ளாடும். ஐ210-இல் பாக்கெட் ஒயரிலிருந்து உள்ளே நுழையும் இடத்திலேயே கார்டின் சொந்தக் கடிகாரம் நேரத்தைக் குறித்துவிடுகிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிடிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) பாக்கெட்டுக்கு மட்டும் என்றில்லாமல் வருகிற எல்லா பாக்கெட்டுக்கும் ஸ்டாம்ப் போடும் என்பதுதான், ஏனென்றால் எங்கள் சென்சார் அனுப்புவது வெறும் யுடிபி, அதாவது சாதாரண தரவு பாக்கெட்.

அனுப்பும் பக்கம் கவனம் தேவை. இந்தக் கார்டின் லினக்ஸ் டிரைவரான ஐஜிபி ஒரு நேரத்தில் ஒரே ஒரு டிரான்ஸ்மிட் ஸ்டாம்பை (பாக்கெட் வெளியே போன நேரக் குறி)த்தான் பிடித்து வைக்கும், முதல் ஸ்டாம்ப் வந்து சேரும் முன் அடுத்த பாக்கெட்டுக்குக் கேட்டால் பாக்கெட் போய்விடும், ஸ்டாம்ப் வராது, டிரைவரின் 'ஸ்கிப்டு' கவுண்டர் மட்டும் ஒன்று ஏறும். அதனால் சாக்கெட்டின் (புரோகிராம் நெட்வொர்க்கோடு பேசும் வாசல்) எரர் கியூவில், அதாவது இந்த ஸ்டாம்ப் திரும்பி வரும் வரிசையில், முந்தைய ஸ்டாம்ப் வந்த பிறகே அடுத்ததைக் கேளுங்கள்.

அப்புறம், கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டோடும் மூன்று நேரங்களுக்கு இடம் வைத்துத் தருகிறது: முதலாவது சாஃப்ட்வேர், இரண்டாவது இப்போது பயனில் இல்லை, மூன்றாவது ஹார்ட்வேர். மூன்றாவதில் பூஜ்யம் இருந்தால் ஹார்ட்வேர் ஸ்டாம்ப் வரவில்லை என்று அர்த்தம், அதை நேரமாக எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். சாக்கெட்டில் ஆப்ஷன் போட்டால் மட்டும் பத்தாது, கார்டிலும் தனியாக ஆன் செய்ய வேண்டும். முதலாவதையும் மூன்றாவதையும் நேராகக் கழிக்கவும் கூடாது, இரண்டும் வேறு வேறு கடிகாரம். பிடிபி ஓடும்போது கார்டு கடிகாரம் வழக்கமாக டிஏஐ (அணுக் கடிகார) நேரத்தில் இருக்கும், அது உலகப் பொது நேரமான யூடிசியை விட 37 விநாடி முன்னே.

கடையில் வாங்கும்போதே, "அண்ணாச்சி, இதை ஒரு லினக்ஸ் மெஷினில் மாட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள், எங்கள் கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்தார். நெட்வொர்க் கார்டைச் சோதிக்கும் ஈத்டூல் கட்டளையைப் பெரிய டி (-T) ஆப்ஷனோடு ஓட்டி, 'பிடிபி ஹார்ட்வேர் கிளாக்' வரியைப் பாருங்கள். எண் வந்தால் சரி, 'நன்' (none, இல்லை) என்று வந்தால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு 0 என்று வந்தது, அடுத்த பெட்டிக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறோம்.