அடையாறு தியோசாபிகல் சொசைட்டி வளாகம்: சென்னை இரைச்சலுக்கு நடுவே ஓர் அமைதி

எல்லாச் சமயங்களையும் ஒப்பிட்டு ஆராயும் பிரம்மஞான சபைதான் தியோசாபிகல் சொசைட்டி. 1882 முதல் அதன் தலைமையகம் இந்த வளாகம்தான். அடையாற்றின் தென்கரையில் அடர்ந்த மரங்கள், மண்பாதைகள். பெசன்ட் அவென்யூ சாலையின் ஹாரன் சத்தம் உள்ளே போகப் போகத் தேய்ந்துவிடும்.

பலரும் நேராக இங்குள்ள புகழ்பெற்ற பழைய ஆலமரத்துக்கே போகிறார்கள். 1989 புயலில் தாய்மரம் சாய்ந்தது. இன்று நிற்பவை விழுதுகள் ஊன்றிய கிளைகள். பார்க்கவேண்டியதுதான், ஆனால் அங்கேதான் கூட்டமும் பேச்சும். தனியே உட்கார விரும்பினால் பல சமயக் கோயில்கள் இருக்கும் பக்கம் நடங்கள். புத்தர் ஆலயச் சுற்றுப்புறம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஞாயிறன்று போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புவோர் அதிகம். வேலைநாளிலும் காலையில் கொஞ்சம், பிற்பகலில் கொஞ்சம்தான் அனுமதி. கிளம்பும் முன் நேரத்தை விசாரியுங்கள். காலையே மேல், வெயில் ஏறாது. தண்ணீர், கொசு மருந்து கட்டாயம். போனைச் சைலண்டில் போடுங்கள்.